தண்ணிக்கு ஒரு கிலோ

வெள்ளையோடைத் தமிழ் மகா வித்தியாலயம்,
02.06.2025

திருமதி வீரம்மா சுதாகரன் அவர்களுக்கு,

தங்கள் மகள் சுலக்ஷனா (தரம் 8) மே மாதம் 20ஆம் திகதியிலிருந்து பாடசாலைக்குச் சமுகமளிக்கவில்லை. இன்றோடு பத்துப் பாடசாலை நாட்கள் ஆகின்றன. வகுப்பாசிரியை என்ற முறையில் நான்கு தடவை தங்கள் கைபேசிக்கு அழைத்தேன். முதல் தடவை மணி அடித்தது. அடுத்த மூன்று தடவையும் அடிக்கவே இல்லை. ஆகவே தங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவில் குடியிருக்கும், அதே வகுப்பு அனுஷ்காவிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன்.

மே 19ஆம் திகதி நடந்த மருத்துவப் பரிசோதனையின் சீட்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். சுலக்ஷனாவின் நிறை அவளுடைய வயதுக்கும் உயரத்துக்கும் மிகவும் கூடுதல் என்று வைத்திய அதிகாரி குறித்திருக்கிறார். இப்போதே கவனிக்காவிட்டால் சீனி வருத்தமும் பிரஷரும் இளம் வயதிலேயே வரக்கூடும் என்றும் சொன்னார். தலவாக்கலை கிளினிக்குக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகவும். சீனி போட்ட தேத்தண்ணீர், பிஸ்கட், பொரித்த பண்டங்களைக் குறைக்கவும். ஓடியாடி விளையாட விடவும்.

வரவு இப்படியே போனால் இடாப்பில் 'நீண்டகால வருகையின்மை' என்று எழுத வேண்டி வரும். அதற்கு முன் நேரில் வந்து சந்திக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அ. பெற்றீசியா
வகுப்பாசிரியை, உடற்கல்வி ஆசிரியை

பி.கு.: வீரம்மா, நான் பெற்றிதான். என்ன கோபம் என்று சொன்னால்தானே எனக்குத் தெரியும்?


மேற்கணக்கு, வெள்ளையோடைத் தோட்டம்,
04.06.2025

மதிப்புக்குரிய டீச்சர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அதிலிருந்த 'திருமதி', 'தங்கள்', 'சமுகமளிக்கவில்லை' எல்லாமே பத்திரமாகக் கிடைத்தன. ஒன்பதாம் ஆண்டுவரை ஒரே வாங்கில் உட்கார்ந்து, என் கொப்பியைப் பார்த்துக் கணக்குப் போட்டவர் எனக்குத் 'தங்கள்' போட்டு எழுதுகிறார். நல்லது. நானும் 'நீங்கள்' என்றே எழுதுகிறேன்.

போன் ஏன் அடிக்கவில்லை என்றால், உங்கள் நம்பரை பிளாக் பண்ணி வைத்திருக்கிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், லயம் முழுக்கக் கேட்கும். எழுதினால் நிதானமாகத் திட்டலாம். என் கையெழுத்தை இன்றைக்கும் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

முதலில் அந்தச் சீட்டு. என் பிள்ளை பிறந்தபோது ரெண்டு கிலோ இருந்தாள். மருத்துவிச்சி அம்மா அட்டையில் சிவப்பில் புள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அந்தப் புள்ளியைச் சிவப்பிலிருந்து மேலே கொண்டுவர எனக்கு மூன்று வருடம் ஆனது. ஒரு முட்டை வாங்கினால் அது அவளுக்குத்தான். எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் தாயைத்தான் மெச்சுவார்கள். நானும் அந்த மெச்சலில் மிதந்தவள்தான். இப்போது அதே தாயிடம் 'கூடிப் போச்சு, குறைக்கவும்' என்று சீட்டு அனுப்புகிறீர்கள். எது சரியென்று நீங்களே ஒரு முடிவுக்கு வந்துவிட்டுச் சொல்லுங்கள்.

பிஸ்கட்டைக் குறைக்கச் சொல்கிறீர்கள். உங்கள் பள்ளிக்கூட கென்டீனில் இடைவேளைக்கு என்ன விற்கிறார்கள்? ரோல்ஸ், கலர் தண்ணி, டொபி, க்ரீம் பணிஸ். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கதையாக இருக்கிறது.

ஓடியாடி விளையாட விடச் சொல்கிறீர்கள். அதை எழுத உங்களுக்குக் கை கூசவில்லையா? உங்கள் உடற்கல்விப் பாடத்தில் என் பிள்ளைக்கு என்ன வேலை என்று எனக்குத் தெரியும். மற்றப் பிள்ளைகள் எல்லாம் வலைப்பந்து விளையாடும்போது இவள் அவர்களுடைய தண்ணீர்ப் போத்தலுக்கும் கழற்றி வைத்த சப்பாத்துக்கும் காவல்.

இனி அவள் ஏன் வரவில்லை என்பதற்கு வருகிறேன். பத்தொன்பதாம் திகதி வீட்டுக்கு வந்தவள் ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டாள். மூன்று நாள் கழித்துத்தான் வாயைத் திறந்தாள். மண்டபத்தில் எல்லார் முன்னாலும் தராசில் ஏற்றி, 'அம்பத்தொம்பது' என்று சத்தமாகக் கூவினார்களாம். உடனே 'தண்ணிக்கு ஒரு கிலோ கழிச்சிருங்க' என்று ஒரு குரல் வந்ததாம். மண்டபமே சிரித்ததாம்.

நாங்கள் நாளெல்லாம் எடுத்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும்போது, ஈரம் என்று சொல்லிக் கணக்கப்பிள்ளை கழிப்பாரே, அந்தக் கழிவை என் பிள்ளைக்குப் போட்டிருக்கிறார்கள். மறுநாள் காலையில் பஸ் நிற்கிற இடத்தில் 'தண்ணி கழிச்சு எத்தன கிலோ?' என்று கேட்டிருக்கிறார்கள். அங்கிருந்தே திரும்பி வந்துவிட்டாள். இப்போது அவள் பெயர் சுலக்ஷனா இல்லையாம், 'ஈரக்கொழுந்து'.

யார் சொன்னது என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். சொல்லமாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். சொன்ன வாய் எதுவென்று கண்டுபிடித்துவிட்டுப் பிறகு இடாப்பைப் பற்றிப் பேசுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
திருமதி வீரம்மா


06.06.2025

வீரம்மாவுக்கு,

'திருமதி'யையும் 'தங்க'ளையும் எடுத்துவிட்டேன். என் மேல்தான் பிழை. பள்ளிக்கூடக் கடதாசியை எடுத்தாலே அந்தப் பாஷை தானாக வந்துவிடுகிறது.

பரிசோதனை அன்று நடந்ததைச் சொல்கிறேன். முப்பத்தெட்டுப் பெண்பிள்ளைகள், இருந்தது ஒரு மணி நேரம். சுகாதாரப் பணிமனையிலிருந்து வந்தவர்கள் அடுத்த பாடசாலைக்கும் போக வேண்டியிருந்தது. தகரக் கூரையில் மழை கொட்டியது. நான் தராசடியில் நின்று நிறையைச் சொல்ல, ஷாமிலா டீச்சர் மேசையில் இருந்து எழுதினார். சத்தமாகச் சொல்லாவிட்டால் அவருக்குக் கேட்டிருக்காது. வருடா வருடம் இப்படித்தான் செய்கிறோம். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

கென்டீன் எங்கள் கையில் இல்லை. வெளியாள் நடத்துவது. அதிபரிடம்தான் பேச வேண்டும். போத்தல் காவலை நான் கொடுக்கவில்லை. 'கால் வலிக்குது டீச்சர்' என்று அவளாகவே ஓரமாக உட்கார்ந்துகொள்வாள், நான் வற்புறுத்தவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு யோசித்தேன். அவளுடைய உடம்பு வாகுக்குக் குண்டு எறிதல் நன்றாக வரும். வந்தாள் என்றால் நானே பழக்கிவிடுகிறேன்.

அந்தக் கேலியை நினைத்தால் எனக்கே கொதிக்கிறது. அது யாருடைய வாய் என்று திங்கட்கிழமை கண்டுபிடித்துவிடுவேன். யாராக இருந்தாலும் சுலக்ஷனாவின் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வைப்பேன். இது என் வாக்கு.

பெற்றீசியா


09.06.2025

டீச்சர் அவர்களுக்கு,

குண்டுப் பிள்ளைக்குக் குண்டு எறிதல். இதைக் கண்டுபிடிக்கத்தான் ட்ரெய்னிங் கொலீஜில் போய்ப் படித்தீர்களா? அந்த வரியை மட்டும் பிள்ளைக்கு வாசித்துக் காட்டவில்லை. பாதியில் மடித்து வைத்துவிட்டேன்.

இன்னொரு விஷயம், நீங்கள் வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொள்வதைவிட நானே எழுதிவிடுகிறேன். வத்தளையில் இருக்கும் என் நாத்தனார் இந்த மாதம் 28ஆம் திகதி வருகிறார். அவருக்கு ஆறு மாதக் கைக்குழந்தை. வேலைக்குத் திரும்ப வேண்டுமாம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். 'புள்ள சும்மாதானே வீட்ல கெடக்கு, என்கூட அனுப்பு அண்ணி' என்று கேட்டிருக்கிறார். என் வீட்டுக்காரருக்கும் அது சரியென்றே படுகிறது. தன் தங்கை வீடுதானே என்கிறார். அங்கே யாருக்கும் அவளைத் தெரியாது, 'ஈரக்கொழுந்து' என்று கூப்பிட ஆள் இல்லை என்று எனக்கும் ஒரு பக்கம் தோன்றுகிறது.

சுலக்ஷனாவிடம் கேட்டேன். 'போறேன்' என்றாள். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

நீங்கள் தேடுகிற ஆள் கிடைத்தால் சொல்லுங்கள்.

வீரம்மா


13.06.2025

வீரம்மா,

ஆள் கிடைத்துவிட்டது. இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை முதல் பாடத்திலேயே வகுப்பை எழும்பி நிற்க வைத்தேன். 'சுலக்ஷனாவ நிறுக்குறப்ப தண்ணி கழிக்கச் சொன்னது யாரு? உண்மையச் சொல்ற வரைக்கும் யாருக்கும் இடைவேளை இல்ல' என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது பயம் என்று நினைத்து இன்னும் சத்தம் போட்டேன். கடைசியில் அனுஷ்கா கையைத் தூக்கினாள்.

'நீயா?'

'இல்ல டீச்சர்.'

'அப்ப யாரு?'

'நீங்கதான் டீச்சர்.'

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. 'நான் எப்படிச் சொல்லுவேன்?' என்றேன். அவள் அழப் போகிற குரலில் சொன்னாள்: 'அன்னைக்கு அவ மழையில நனஞ்சு வந்தா டீச்சர். ஸ்வெட்டர் ஈரமா இருந்துச்சு. நீங்கதான் ஷாமிலா டீச்சர்கிட்ட, தண்ணிக்கு ஒரு கிலோ கழிச்சிருங்கன்னு சொன்னீங்க. சொல்லிட்டுச் சிரிச்சீங்க. அதனாலதான் நாங்களும் சிரிச்சோம்.'

வீரம்மா, சத்தியமாக எனக்கு நினைவே இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தும் நினைவிருக்கிறது. என் அம்மா கொழுந்து நிறுக்கும் இடத்தில் வரிசையில் நிற்கும்போது, பள்ளிக்கூடம் விட்டு நானும் போய்ப் பக்கத்தில் நிற்பேன். நிறையைக் கூவுவதும் கழிப்பதும் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான். கழித்தவுடன் அம்மாவின் முகம் எப்படி வாடும் என்பதையும் பார்த்தவள் நான். அப்படிப்பட்ட வாயிலிருந்து அந்த வார்த்தை வேடிக்கையாக வந்திருக்கிறது. தராசைக் கண்டதும் நாக்குத் தானாக அங்கே போய்விட்டது. அவள் மேல் பிரியமாகத்தான் சொன்னேன் என்று எழுத நினைத்தேன், முதல் மூன்று கடிதத்திலும் எழுதினேன். அது சாக்கு என்பதால் கிழித்துப் போட்டேன்.

கையில் தடியோடு திருடனைத் தேடியவள் நான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரியாகத்தான் இருக்கிறது. அவள் வலிக்குது என்று சொன்ன காலில் வலி இல்லை என்பதும் எனக்கு உள்ளுக்குள் தெரியும். அவள் ஓரமாக உட்கார்ந்தால் எனக்கு வசதியாக இருந்தது, ஆட்டம் வேகமாகப் போகும். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிழையைச் சத்தமாகச் செய்தேன், மன்னிப்பையும் சத்தமாகவே கேட்கிறேன். வருகிற திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்கலாம் என்றிருக்கிறேன். அவளை மட்டும் வத்தளைக்கு அனுப்பிவிடாதீர்கள். என் ஒரு வார்த்தையால் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றது என்றால் நான் எந்த முகத்தோடு அந்த வகுப்புக்குள் போவேன்?

பெற்றி


17.06.2025

பெற்றி,

உன் கடிதத்தை வெள்ளிக்கிழமை பின்னேரம் படித்தேன். படித்தவுடன் தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு தலவாக்கலையில் உன் வீட்டுக்கே பஸ் ஏறலாம் என்றுதான் தோன்றியது. மழை பெய்தது, அதனால் நீ தப்பினாய்.

காலைக் கூட்டத்தில் எதுவும் வேண்டாம் என்று அன்றே அனுஷ்காவிடம் சொல்லி அனுப்பினேன், நல்ல வேளை நீயும் கேட்டாய். ஒலிவாங்கியில் மன்னிப்புக் கேட்டால், முப்பத்தெட்டுப் பேருக்குத் தெரிந்த அம்பத்தொம்பது அறுநூறு பேருக்குத் தெரியும். உனக்கு மனம் ஆறும், அவளுக்குப் பட்டம் நிலைக்கும். நீ இன்னும் அவசரக்காரிதான்.

உன் கடிதத்தை அவளிடம் காட்டவில்லை. 'பெற்றீசியா டீச்சரா சொன்னாங்க?' என்று மட்டும் கேட்டேன். அவ்வளவுதான், அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகை எல்லாம் வெளியே வந்தது. 'டீச்சர் வேணும்னு சொல்லலம்மா. உனக்குத் தெரிஞ்சா நீ போய்ச் சண்ட புடிப்ப. அப்புறம் எனக்குப் புடிச்ச ஒரு டீச்சரும் இல்லாம போயிரும்' என்றாள். உன்னைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தாள், கேட்டுக்கொள். எனக்கு உன் மேல் இருந்த ஆத்திரத்தில் பாதி அந்த இடத்தில் போய்விட்டது. மீதிப் பாதி இருக்கிறது.

நீ ஒத்துக்கொண்டதால் நானும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். போன வருடம் இவள் பெரிய பிள்ளை ஆனதிலிருந்து, பள்ளிக்கூடம் விட்டு வந்தவுடன் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருக்கச் சொல்லியிருக்கிறேன். நான் தேயிலை மலையிலிருந்து வர ஐந்து மணி ஆகும். அதுவரை டிவியும் பிஸ்கட் பக்கட்டும்தான் துணை. வாசலில் கயிறு அடித்து விளையாடியவளை 'பெரிய புள்ள குதிக்கக் கூடாது' என்று உள்ளே கூப்பிட்டவளும் நான்தான். பயம், பெற்றி. பெண்பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு மலைக்குப் போகிறவளுக்குத்தான் அது தெரியும். ஆனால் பயந்து பயந்து நான் பூட்டியது கதவை மட்டுமில்லை என்று இப்போது தெரிகிறது.

நீ எப்படி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவளையே கேட்டேன். யோசித்துவிட்டு, 'மன்னிப்பு வேணாம்மா. இனிமே யாரயும் சத்தம் போட்டு நிறுக்கக் கூடாதுன்னு சொல்லு. போத்தல் பாக்குற வேல வேணாம், நானும் விளையாடுறேன்னு சொல்லு' என்றாள். குண்டு எறிய மாட்டாளாம். வலைப்பந்துதான் வேண்டுமாம். அந்த வரியை எப்படியோ எடுத்துப் படித்திருக்கிறாள்.

ஆனால் பள்ளிக்கூடம் வருவதாக இன்னும் சொல்லவில்லை. வத்தளைக்குப் போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இவர் தன் தங்கைக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். நான் நடுவில் நிற்கிறேன்.

வீரம்மா


24.06.2025

வீரம்மா,

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்ததற்கு மன்னித்துக்கொள். தேத்தண்ணீருக்குச் சீனி இல்லாமல் வெறும் கிண்ணத்தை வைத்துவிட்டு 'சீட்டுல எழுதியிருக்கீங்களே' என்று சொன்னாயே, அதைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. பழைய வீரம்மா அங்கேதான் இருக்கிறாள்.

உள் அறைக் கதவைச் சுலக்ஷனா திறக்கவில்லை என்று நீ வருத்தப்பட்டாய். பரவாயில்லை. திறக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வெளியே நின்று நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு 'சரி டீச்சர்' என்றாளே, எனக்கு அது போதும்.

இங்கே என்ன நடந்தது என்று சொல்கிறேன். அதிபரிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். இனி நிறுப்பது ஆய்வுகூடத்தில், திரைக்குப் பின்னால், ஒவ்வொரு பிள்ளையாக. நிறையை ஒருவரும் வாயால் சொல்லக் கூடாது, எழுதிப் பிள்ளையிடம் மட்டும் காட்ட வேண்டும். அதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று அதிபரும் சொல்லிவிட்டார். வகுப்புக்கும் போய், 'அன்னைக்கு நான் சொன்னது பிழை. நான் சிரிச்சதால நீங்களும் சிரிச்சீங்க, அதுவும் என் பிழை. இனி அந்தப் பேர் யார் வாயிலயும் வரக் கூடாது' என்று சொன்னேன். கூட்டத்தில் இல்லை, வகுப்பில்தான். எண்ணைச் சொல்லவில்லை, பயப்படாதே.

கென்டீன்காரர் முரண்டு பிடித்தார். கலர் தண்ணியும் டொபியும் நின்றுவிட்டன. அவித்த கடலையும் பழமும் வந்திருக்கின்றன. ரோல்ஸ் இன்னும் ஓடுகிறது, அதற்கு இன்னொரு சண்டை போட வேண்டும். பெற்றோர் கூட்டத்துக்கு நீ வந்தால் அந்தச் சண்டை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று அதிபரிடம் சொல்லியிருக்கிறேன். கணிதம் படிப்பிக்கும் சேர் தன் பாடத்துக்கு வாங்கி வைத்திருந்த உடற்கல்வி நேரத்தையும் திருப்பி எடுத்துவிட்டேன். அவர் என்னோடு பேசுவதில்லை. அனுஷ்காவும் லயத்துப் பிள்ளைகள் நான்கு பேரும் பள்ளிக்கூடம் விட்டபின் நாலரைவரை மைதானத்தில் என்னோடு இருக்கலாம், நானே அவர்களை பஸ் ஏற்றி விடுகிறேன். பூட்டிய காம்பராவில் இருப்பதற்குப் பதில் சுலக்ஷனாவும் இருக்கலாமே.

சனிக்கிழமை உன் நாத்தனார் வருகிறார். அந்த வீட்டு விஷயத்தில் தலையிட எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒன்பதாம் ஆண்டில் உன்னை நிறுத்தியபோது, 'பெரிய புள்ள அவ்வளவு தூரம் நடந்து போகக் கூடாது' என்று உன் வீட்டில் சொன்னார்கள். என் வீடு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்தது, அதனால் என்னை நிறுத்தவில்லை. உன்னைவிடக் கெட்டிக்காரி என்பதால் நான் டீச்சர் ஆகவில்லை. கணக்கை உன் கொப்பியைப் பார்த்துத்தான் எழுதினேன். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பெற்றி


29.06.2025

பெற்றி புள்ளைக்கு,

முதலில் கிளினிக் சமாசாரம். வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டுக் கூட்டிப் போனேன். இரத்தத்தில் சீனி கூடவில்லை. பட்டினி போடக் கூடாதாம். இப்போது உயரம் வளருகிற வயது, நிறை கூடாமல் அப்படியே நின்றாலே வளர வளரச் சரியாகிவிடும் என்றார் டாக்டரம்மா. மெதுவாகப் பேசினார், கதவை மூடிவிட்டுப் பேசினார். எனக்குப் பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிட்டது.

சனிக்கிழமை பத்து மணிக்கு நாத்தனார் வந்தார். சுலக்ஷனாவின் உடுப்பை எல்லாம் பையில் மடித்து வைத்திருந்தேன். வைத்தது நான்தான், பொய் சொல்லமாட்டேன். நாத்தனார் பிள்ளையை மேலிருந்து கீழே பார்த்துவிட்டுச் சொன்னார்: 'என் வீட்டுக்கு வரட்டும் அண்ணி. குழந்தையத் தூக்கி, வீடு வாசல் கூட்டி, நாலு துணி தொவச்சா தன்னால எளச்சுப் போவா.'

அவர் கெட்டவர் இல்லை. ஆறுதலாகச் சொல்வதாகத்தான் நினைத்துச் சொன்னார். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. 'எளைக்கிறதுக்கு வேலக்காரியாத்தான் போகணுமா? பள்ளிக்கூடத்துக்குப் போனா எளைக்க மாட்டாளா?' என்று கேட்டுவிட்டேன். இவர் 'என்னா பேச்சு இது' என்று என்னை முறைத்தார். நாத்தனார் முகம் கறுத்துவிட்டது. அடுப்பில் ரொட்டி கருகிற வாசம் வந்தது.

அப்போது அவள் வந்தாள். பையை எடுத்து உள்ளே கொண்டு போய் வைத்துவிட்டு வந்து நின்றாள். 'அத்த, நான் லீவுக்கு வர்றேன், பாப்பாவப் பாத்துக்கிறேன். இப்ப வரேலாது. திங்கக்கிழம எனக்கு வலைப்பந்து இருக்கு' என்றாள்.

வலைப்பந்து இருக்காம். ஆறு வாரமாகப் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், ஏதோ மாகாண அணிக்கே ஆடுகிற மாதிரி சொன்னாள். இவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தங்கையைப் பார்த்து, 'புள்ளதான் சொல்லிருச்சே. வேற யாராச்சும் பாப்போம்' என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். இருபது வருடத்தில் இவர் சொன்ன நல்ல வார்த்தைகளில் அது ஒன்று.

நாத்தனார் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். கோபம் இருக்கிறது, தீபாவளிக்குள் தீரும்.

பள்ளிக்கூட வெள்ளை கவுனைப் பிரித்து இரண்டு பக்கமும் துணி வைத்துத் தைத்திருக்கிறேன். எட்டாம் ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று அளந்து இலவசச் சீருடைத் துணி கொடுப்பவர்களுக்கு, பிள்ளைகள் எல்லாம் ஒரே அளவு இல்லை என்று யாராவது சொன்னால் தேவலை. அதையும் பெற்றோர் கூட்டத்தில் நானே கேட்கிறேன், நாற்காலி போட்டு வை.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். இருந்தாலும் இதை எழுதிக் கொடுக்கிறேன். அனுஷ்காவிடம் கொடுக்கவில்லை. இது உன் கையில் இருக்கிறது என்றால், கொண்டுவந்தது யாரென்று உனக்கே தெரியும்.

வீரம்மா


30.06.2025

வீரம்மா புள்ளைக்கு,

கிடைத்தது. கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய் அனுஷ்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிட்டேன். அவள் பெயரை மட்டும் இரண்டு தடவை கூப்பிட்டேன். 'வந்திருக்கேன் டீச்சர்' என்றாள், கொஞ்சம் எரிச்சலாக.

ஒரு பையன் ஏதோ முணுமுணுத்தான், நான் திரும்புவதற்குள் அனுஷ்கா பார்த்த பார்வையிலேயே அடங்கிவிட்டான். எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். இடைவேளையில் அவித்த கடலை வாங்கினாள், பிறகு சிநேகிதியின் ரோல்ஸில் பாதியும் சாப்பிட்டாள். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கடைசிப் பாடம் வலைப்பந்து, பள்ளிக்கூடம் விட்ட பிறகும் தொடர்ந்தோம். போத்தல்களை வேலி ஓரமாக வைத்தோம், அவை தம்மைத் தாமே பார்த்துக்கொண்டன. முதல் ஐந்து நிமிடத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. நின்றாள். பிறகு மறுபடி ஓடினாள். முழங்காலில் ஒரு சிராய்ப்பு இருக்கிறது, மருந்து போட்டிருக்கிறேன், நீ பார்த்துப் பதறாதே. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு காலை நகர்த்தினால் பிழை, ஆட்டம் முடிகிற நேரம் அவள் நகர்த்திவிட்டாள் என்று விசில் அடித்தேன். பந்தை எதிர்ப் பக்கத்துக்குக் கொடுக்கச் சொன்னேன்.

கொடுக்கமாட்டேன் என்றாள். பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்து, 'நான் கால எடுக்கவே இல்ல டீச்சர். நீங்க சரியாப் பாக்கல' என்றாள். நான் பார்த்தேன் என்றேன். இல்லை என்றாள். மைதானமே சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறது, சேறு அப்பிய கவுனோடு என் முகத்துக்கு நேரே கையை நீட்டிச் சண்டை போடுகிறாள், அப்படியே உன் பிள்ளைதான். நானும் விடவில்லை. நாலரை ஆகிவிட்டது, பஸ்ஸும் வந்துவிட்டது, எங்கள் வழக்கு முடியவில்லை.

மீதியை நாளைக்குப் பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

பெற்றி